ஓய்வுக்குப் பிறகு என்ன செய்யலாம் என்று யோசிப்பவர்கள் முதலில் காதைச் சோதியுங்கள்

ஓய்வு பெறப்போகிறவர்களிடம் எல்லோரும் கேட்கிற கேள்வி, "இனிமே பொழுதை எப்படிப் போக்கப்போறீங்க?" என்பதுதான். கோயில் குளம் போகலாம், பேரன் பேத்திகளைப் பார்த்துக்கொள்ளலாம், மாடியில் தோட்டம் போடலாம், நாலு பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கலாம் என்று ஆளுக்கு ஒரு யோசனை சொல்வார்கள். பென்ஷன் காகிதங்கள், பணிக்கொடை, காப்பீட்டு அட்டை பற்றியெல்லாம் ஆசிரியர் சங்கத்துக்காரர்கள் எனக்கு விவரமாகச் சொல்லித் தந்தார்கள். சர்க்கரையைப் பார், பிரஷரைப் பார், கண்ணில் புரை விழுந்திருக்கிறதா பார் என்றார்கள். காதைப் பற்றி ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. என் அறுபதுகளில் நல்ல சில வருடங்களும், ஒரு லட்சத்துக்கு மேல் பணமும் போனது அந்த ஒன்றால்தான். இன்னொருவருக்கு இப்படி ஆகக் கூடாது என்பதற்காக நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

அம்பாசமுத்திரம் பக்கத்தில் ஒரு தொடக்கப் பள்ளியில் தலைமையாசிரியையாக இருந்து 2016 மே 31ஆம் தேதி ஓய்வு பெற்றேன். கணவர் மின்வாரியத்தில் வேலை பார்த்தவர். 2018இல் மாரடைப்பில் போய்விட்டார். மகன் சென்னையில், மகள் ஓசூரில். அந்த வீட்டில் தனியாக இருந்த என்னைப் பிடித்து நிறுத்தியது சாயங்கால வகுப்புதான். தெருப் பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு பேர் வருவார்கள். காசு வாங்கியதில்லை. ஐந்தரை மணிக்கு வெளிக்கதவுத் தாழ்ப்பாள் சத்தம் கேட்கும், அதன் பிறகு ஏழு மணி வரை வீடு வீடாக இருக்கும். யாரோ ஒருவர் இந்த நேரத்துக்கு நமக்காகக் காத்திருக்கிறார்கள் என்கிற நினைப்பு ஒரு மனுஷிக்கு எவ்வளவு பெரிய தெம்பு என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

அந்த வகுப்பில்தான் முதல் அறிகுறி தெரிந்தது. மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி பாடம் வாசித்துக்கொண்டிருந்தாள். "மரத்தில் கூடு இருந்தது" என்ற வரியை "மரத்தில் சூடு இருந்தது" என்று வாசித்திருக்கிறாள். கூவையும் சூவையும் மாற்றி வாசிப்பது சின்னப் பிள்ளைகளுக்கு வழக்கம்தான், முப்பது வருடமாக நான் திருத்திய பிழை அது. அன்றைக்கு நான் "சரி, அடுத்த வரி" என்று சொல்லிவிட்டேன். பக்கத்தில் இருந்த பையன், "டீச்சர், அவ தப்பா வாசிச்சா" என்றான். அந்தப் பெண் என் முகத்தைப் பார்த்த பார்வை இன்னும் நினைவில் இருக்கிறது. பிள்ளைகள் வாய்க்குள்ளேயே முனகுகிறார்கள் என்றுதான் நான் நினைத்தேன். காது மந்தமாகிறவர்களுக்கு முதலில் அப்படித்தான் தோன்றுமாம். சத்தம் கேட்கும், சொல் பிடிபடாது. அதனால் நம் காதின் மேல் சந்தேகமே வராது, பேசுகிறவர்கள் மேல்தான் வரும். இதை அன்றைக்கு ஒருவர் சொல்லியிருந்தால் போதும், மற்றதெல்லாம் நடந்திருக்காது.

2020இல் கொரோனா வந்தது. வகுப்பு நின்றது. அதற்குப் பிறகு எல்லோர் வாயையும் மாஸ்க் மூடியது. அத்தனை நாளும் பாதியைக் காதாலும் பாதியை உதட்டைப் பார்த்தும் சமாளித்து வந்திருக்கிறேன் என்பது உதடுகள் மறைந்த பிறகுதான் தெரிந்தது. ரேஷன் கடையிலும் வங்கியிலும் கண்ணாடிக்குப் பின்னால் மாஸ்க் போட்டவர்கள் பேசுவது எனக்கு வெறும் இரைச்சலாகவே வந்தது. பென்ஷன் விஷயமாகப் போன இடத்தில் என்ன கேட்கிறார்கள் என்று புரியாமல் ஆதார் எண்ணைச் சொன்னேன். அவர்கள் கேட்டது என் பிறந்த தேதியை. பின்னால் நின்ற ஒருவர், "பாட்டிக்கு ஞாபகம் தப்புது போல" என்றார். அது மட்டும் தெளிவாகக் கேட்டது. வீட்டுக்கு வந்து அழுதேன்.

அதன் பிறகு நான் ஒதுங்க ஆரம்பித்தேன். கல்யாண வீட்டில் மேளச் சத்தத்துக்கு நடுவே யார் எது சொன்னாலும் சிரித்து வைப்பேன். ஒருமுறை பக்கத்து வீட்டம்மா தன் அண்ணன் இறந்ததைச் சொன்னபோதும் அப்படித்தான் சிரித்துவிட்டேன். அந்த உறவு சரியாக வெகு நாளானது. கூட்டம் என்றாலே பயம் வந்தது. மாஸ்க் எல்லாம் போன பிறகும் வகுப்பைத் திரும்பத் தொடங்க மனசு வரவில்லை. பேரன் போனில் பேசினால் "நல்லா படி கண்ணு" என்று சொல்லிவிட்டு மகனிடம் கொடுக்கச் சொல்வேன். மகன், "அம்மா முன்ன மாதிரி இல்ல, எதுலயும் ஒட்ட மாட்டேங்கிறா" என்று மகளிடம் வருத்தப்பட்டிருக்கிறான். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் இதைக் கவனியுங்கள். டி.வி. சத்தம் கூடிக்கொண்டே போவது, கூட்டத்தில் மௌனமாக உட்கார்ந்திருப்பது, கேள்விக்குச் சம்பந்தமில்லாத பதில், போனை உடனே அடுத்தவர் கையில் கொடுப்பது, காரணமில்லாத கோபம். இதெல்லாம் குணக்கோளாறு என்று முடிவு கட்டுவதற்கு முன்னால் காதைப் பாருங்கள்.

2021 கடைசியில் நாளிதழோடு ஒரு துண்டுச் சீட்டு வந்தது. கல்யாண மண்டபத்தில் இலவசக் காது பரிசோதனை முகாம். துணைக்கு ஆள் இல்லை, தனியாகத்தான் போனேன். வெள்ளைக் கோட்டு போட்ட ஒரு தம்பி, ஆட்களின் பேச்சுச் சத்தத்துக்கு நடுவிலேயே ஹெட்போனை மாட்டி ஐந்து நிமிடத்தில் பரிசோதனையை முடித்தார். "அம்மா, வெளியில தெரியவே தெரியாது" என்று காதுக்குள்ளேயே போய்விடும் ஒரு சின்ன மெஷினைக் காட்டினார். ஜோடி 84,000 ரூபாய். இன்றைக்கே எடுத்தால்தான் இந்தத் தள்ளுபடி என்றார். கணவர் பெயரில் இருந்து என் பெயருக்கு மாறிய வைப்புத் தொகை ஒன்றை முறித்துக் கட்டினேன். வீட்டுக்கு வந்து போட்டால் பாத்திரம் வைக்கும் ஓசை காதில் அறைந்தது. மென்று சாப்பிட்டால் 'கீ' என்று விசில் அடித்தது. பேச்சு மட்டும் முன்பு போலவே கலங்கலாக இருந்தது. பேட்டரி பருப்பு அளவுகூட இல்லை, மூட்டு வீங்கிய என் விரலுக்குப் பிடிபடவில்லை. திருநெல்வேலியில் அவர்கள் கொடுத்த முகவரிக்குப் போனேன். ஏதோ திருகிக் கொடுத்து, "பழகிடும்மா" என்று அனுப்பினார்கள். சில மாதம் கழித்துப் போனபோது கடை காலி செய்யப்பட்டிருந்தது. 84,000 ரூபாய் அலமாரிக்குள் போனது.

வாங்கும்போது என்ன பார்க்க வேண்டும் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். முதலில் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்க்க வேண்டும். சிலருக்கு வெறும் காது அழுக்கு அடைத்திருக்கும், எடுத்தால் பாதிப் பிரச்சினை தீரும். சிலருக்குச் செவிப்பறையில் ஓட்டையோ சீழோ இருக்கும், அதற்கு மெஷின் பதில் இல்லை. ஒரு காது ஓரிரு நாளில் திடீரென்று அடைத்துப் போனால் அது அவசரம், அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும், தள்ளிப்போட்டால் கேட்கும் திறன் திரும்புவது கஷ்டம். பரிசோதனை சத்தம் புகாத அறையில்தான் நடக்க வேண்டும். செய்கிறவர் ஆடியாலஜிஸ்டா, அதாவது கேட்கும் திறனைச் சோதிப்பதற்கென்றே படித்தவரா, இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு பெற்றவரா என்று கேட்பதில் தயக்கமே வேண்டாம். ஆடியோகிராம் என்கிற அந்த வரைபடத்தின் பிரதியைக் கட்டாயம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், அது உங்கள் சொத்து. மெஷினை வீட்டிலும் தெருவிலும் சில நாள் போட்டுப் பார்க்கக் கொடுப்பார்களா, பிடிக்காவிட்டால் திருப்பி எடுப்பார்களா, எத்தனை முறை இலவசமாகச் சரிசெய்து தருவார்கள் என்று ரசீதிலேயே எழுதி வாங்க வேண்டும். மெஷினின் வரிசை எண்ணும் ரசீதில் இருக்க வேண்டும். விரலுக்கு வசதியில்லாதவர்கள் காதுக்குப் பின்னால் மாட்டும் பெரிய வகையை எடுப்பதே நல்லது. வெளியே தெரிந்தால் தெரியட்டும். கண்ணாடி போடுவதற்கு யாரும் வெட்கப்படுவதில்லையே.

சரி, கதைக்கு வருகிறேன். மெஷின் வாங்கியும் அம்மாவுக்குப் புரியவில்லை என்றதும் பிள்ளைகளுக்குப் பயம் வந்துவிட்டது. மூளையில்தான் கோளாறு என்று முடிவு செய்து மகன் என்னைச் சென்னைக்குக் கூட்டிப்போனான். அங்கே ஒரு தனியார் மருத்துவமனையில் ஞாபக சக்திக்கான பரிசோதனை நடந்தது. ஒரு பெண் மூன்று சொற்களைச் சொல்லி, கொஞ்ச நேரம் கழித்துத் திருப்பிச் சொல்லச் சொன்னாள். அவள் மாஸ்க் போட்டிருந்தாள், மேலே ஏ.சி. உறுமிக்கொண்டிருந்தது. காதில் விழாத சொல்லை எப்படி நினைவில் வைப்பது? மதிப்பெண் குறைந்தது. எம்.ஆர்.ஐ. ஸ்கேன், ரத்தப் பரிசோதனைகள், மூன்று மாத மாத்திரை என்று மொத்தம் 20,000 ரூபாய்க்கு மேல் ஆனது. அந்த மாத்திரை போட்ட நாட்களில் வயிறு புரட்டும், தூக்கத்தில் கெட்ட கனவுகள் வரும். என் பிள்ளைகள் அடுத்த அறையில் நின்று என்னைப் பற்றித் தாழ்ந்த குரலில் பேசுவது தெரியும், என்ன பேசுகிறார்கள் என்று தெரியாது. உயிரோடு இருக்கும்போதே என்னை விட்டு எல்லோரும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து போவதைப் பார்த்துக்கொண்டிருந்த காலம் அது.

மறு பரிசோதனைக்குப் போனபோது ஒரு இளம் பயிற்சி மருத்துவர் என் கண்கள் தன் உதட்டிலேயே இருப்பதைக் கவனித்தார். மாஸ்க்கை இறக்கி, எனக்கு நேர் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து அதே கேள்விகளைக் கேட்டார். கிட்டத்தட்ட எல்லாவற்றுக்கும் சரியாகச் சொன்னேன். "ஆன்ட்டி, உங்களுக்கு முதல்ல காதைச் சரியா டெஸ்ட் பண்ணணும்" என்றார். அந்தப் பிள்ளை நன்றாக இருக்க வேண்டும். ஊர் திரும்பி, பாளையங்கோட்டையில் இருக்கும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குப் போனேன். காலையில் சீட்டு எடுத்து வரிசையில் உட்கார்ந்தால் மதியத்துக்குள் பார்த்துவிடுகிறார்கள், செலவு ஒன்றும் இல்லை. அங்கிருந்த ஆடியாலஜிஸ்ட் அம்மா வரைபடத்தை என் முன்னால் வைத்துப் பொறுமையாக விளக்கினார். கோடு இடது பக்கம் மேலே தொடங்கி வலது பக்கம் சரிந்து இறங்கியது. தாழ்ந்த சுருதி ஓரளவு கேட்கிறது, உயர்ந்த சுருதி கேட்கவில்லை. அ, ஆ, ஓ என்று உயிரொலிகள் வந்து சேர்ந்துவிடும். க, ச, த, ப எல்லாம் நழுவிவிடும். பெண்கள், குழந்தைகள் குரல்தான் முதலில் போகும் என்றார். கூடு, சூடு, எல்லாம் அப்போதுதான் விளங்கியது. சத்தத்தை டெசிபல் கணக்கில் அளப்பார்கள். எனக்குக் கேட்கும் திறன் இழப்பின் சராசரி வலது காதில் 52 டெசிபல், இடதில் 55. இருபது இருபத்தைந்துக்குள் இருந்தால்தான் நல்ல காது.

மறதி நோய் பற்றியும் அவரிடம் பயந்துபோய்க் கேட்டேன். காது மந்தமானால் மறதி நோய் வந்தே தீரும் என்பதில்லை, ஆனால் கவனிக்காமல் விட்டால் ஆபத்து கூடும் என்றார். பிறகு நானும் படித்துப் பார்த்தேன். 2024இல் லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் குழு, மறதி நோய்க்கான மாற்றக்கூடிய காரணிகள் 14 என்று பட்டியலிட்டிருக்கிறது. அதில் காது கேளாமையும் ஒன்று, பிறரோடு பழக்கமற்றுத் தனித்துப் போவதும் ஒன்று. என்னைப் போன்றவர்களுக்கு முதலாவது இரண்டாவதை இழுத்துக்கொண்டு வருகிறது. ஓய்வுக் காலத்தில் அர்த்தமாக வாழ வேண்டும் என்று சொல்கிறவர்கள் இந்த முடிச்சைப் பார்க்காமல் போனால், தியானம், நடைப்பயிற்சி, பொழுதுபோக்கு என்று எதைச் சொன்னாலும் அது பாதிதான்.

பழைய மெஷினை அவரிடம் காட்டினேன். என் வரைபடத்துக்கு ஏற்ப அது அமைக்கப்படவே இல்லை, அதைத் திறந்து மாற்ற அந்தக் கம்பெனியின் மென்பொருள் வேண்டும் என்றார். அதோடு அதை மறந்தேன். பதிவு பெற்ற ஒரு நிலையத்தில், காதுக்குப் பின்னால் மாட்டும் மெஷின், காது அச்சு எடுத்துச் செய்தது, ஒன்று 22,000 ரூபாய். முதலில் ஒரு காதுக்கும், பழகிய பிறகு இன்னொன்றுக்கும் வாங்கினேன். போட்ட அன்றைக்கே எல்லாம் சரியாகிவிடும் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம். மின்விசிறி ஓசை, என் செருப்புச் சத்தம், குக்கர், என் சொந்தக் குரல் எல்லாமே புதிதாக வந்து மண்டையை இடித்தன. வருடக்கணக்கில் சத்தமில்லாமல் இருந்த மூளை, எது வேண்டும் எது வேண்டாம் என்று பிரிக்கத் திரும்பப் பழக வேண்டும், அதற்குச் சில மாதம் பிடிக்கும். ஆடியாலஜிஸ்ட் சொன்னபடி, முதலில் அமைதியான அறையில் ஓரிரு மணி நேரம் போட்டுக்கொண்டு நாளிதழைச் சத்தம் போட்டு வாசித்தேன். பிறகு ஒருவரோடு பேச்சு, பிறகு தெரு, கடைசியாகக் கூட்டம். இடையிடையே போய்ச் சத்தத்தைக் கூட்டிக் குறைத்து வந்தேன். இந்தத் திரும்பத் திரும்பப் போவதில்தான் பலர் அலுத்துப்போய் மெஷினைப் பெட்டிக்குள் வைத்துவிடுகிறார்கள்.

சின்னச் சின்ன விஷயங்களும் உண்டு. பேட்டரியில் ஒட்டியிருக்கும் வண்ணத் தாளை உரித்தவுடன் போடாமல் ஓரிரு நிமிடம் காற்றில் வைத்துப் போட வேண்டும், காற்றுப் பட்டால்தான் அது வேலை செய்யும். இரவில் பேட்டரிக் கதவைத் திறந்து, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் போட்ட மூடிய டப்பாவுக்குள் வைக்க வேண்டும். வியர்வைதான் மெஷினுக்கு எமன். விசில் அடித்தால் பெரும்பாலும் காது அச்சு சரியாகப் பொருந்தவில்லை, அல்லது அழுக்கு சேர்ந்திருக்கிறது. குளிக்கும் முன் கழற்றுவதை மறக்கவே கூடாது. போனில் பேச வீடியோ அழைப்பு நல்லது, உதடு தெரியும். பேசுவதை அப்படியே தமிழில் எழுதிக் காட்டும் 'லைவ் டிரான்ஸ்கிரைப்' செயலி ஆண்ட்ராய்டு போனில் இலவசமாகக் கிடைக்கிறது, வங்கியில் எனக்கு அது பெரிய துணை.

வீட்டில் இருப்பவர்களுக்கும் சொல்ல வேண்டும். கத்தாதீர்கள். கத்தினால் ஓசைதான் கூடும், சொல் தெளியாது, முகம் மட்டும் கோபமாகத் தெரியும். முதலில் கையைத் தொட்டோ பெயரைச் சொல்லியோ கவனத்தைத் திருப்புங்கள், முகத்துக்கு நேராக வெளிச்சத்தில் நின்று நிதானமாகப் பேசுங்கள், டி.வி.யை அணையுங்கள். புரியவில்லை என்றால் அதே வாக்கியத்தைத் திரும்பச் சொல்லாமல் வேறு சொற்களில் சொல்லுங்கள். "ஒண்ணுமில்ல, விடு" என்று மட்டும் சொல்லாதீர்கள். அந்த ஒரு வார்த்தைதான் எங்களை மூலையில் உட்கார வைக்கிறது.

பழையபடி பன்னிரண்டு பிள்ளைகள் வகுப்பு எனக்கு இனி ஆகாது என்பதையும் ஏற்றுக்கொண்டேன். பலர் ஒரே நேரத்தில் பேசும் இடம் மெஷின் போட்டாலும் கஷ்டம்தான். அதனால் வேலையைக் காதுக்குத் தகுந்த மாதிரி மாற்றினேன். பிள்ளைகளில் வாசிக்கத் திணறுகிற ஒருவர் இருவரை மட்டும் மேசைக்கு எதிரே உட்கார வைத்து வாசிக்கச் சொல்கிறேன். பெரிய மாற்றம் வேறு இடத்திலிருந்து வந்தது. 15 வயதுக்கு மேற்பட்ட, எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்காகப் புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம் 2022இல் தொடங்கியது. அதில் தன்னார்வலர்கள்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள், சம்பளம் கிடையாது. பக்கத்து அரசுப் பள்ளித் தலைமையாசிரியர் கேட்டதும் ஒப்புக்கொண்டேன். எங்கள் பக்கம் பெண்கள் நிறையப் பேர் பீடி சுற்றுகிறவர்கள். சுளகை மடியில் வைத்துக்கொண்டே வந்து உட்காருவார்கள். நான் சுவரை ஒட்டி உட்காருவேன், பின்னாலிருந்து சத்தம் வராது. அவர்கள் அரை வட்டமாக எதிரே. முதல் நாளே, "எனக்குக் காது மந்தம், ஒருத்தர் பேசி முடிச்ச பிறகு அடுத்தவங்க பேசணும், மூஞ்சியப் பார்த்துப் பேசணும்" என்று சொல்லிவிட்டேன். இப்படிச் சொன்னதால் எந்த மரியாதையும் குறையவில்லை. மறைத்த காலத்தில்தான் எல்லாம் குறைந்தது.

ஒருநாள் ஐம்பது வயதுக்கு மேற்பட்ட ஒருத்தி, கடையில் கொடுத்த பீடியின் எண்ணிக்கையை எழுதித் தரும் கணக்குப் பாஸ்புக்கைக் கொண்டுவந்தாள். விரல் நுனியில் புகையிலைத் தூள் ஒட்டியிருந்தது. எண்ணின் மேல் விரலை வைத்து ஒவ்வொன்றாக நகர்த்தி, "டீச்சரக்கா, நான் குடுத்தது எழுநூறு. இதுல ஆறுல்ல இருக்கு?" என்றாள். ஆறுதான் இருந்தது. மறுநாள் கடையில் போய்க் கேட்டு மாற்றி எழுதி வாங்கி வந்தாள். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை, அவ்வளவு சந்தோஷம். வருங்கால வைப்பு நிதிச் சீட்டை வாசிப்பதுதான் அவர்கள் இப்போது கேட்டிருக்கும் பாடம்.

இதே வகுப்பில் ஒரு மூத்த அம்மா எப்போதும் கடைசியில் உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார். புத்தி மந்தம் என்று மற்றவர்கள் விட்டுவிட்டார்கள். என்ன நடக்கிறது என்று எனக்குப் பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. வசதியில்லாதவர்கள் மெஷினுக்குக் கடன் வாங்க வேண்டாம். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் மூலம் தகுதியுள்ளவர்களுக்கு இலவசமாகக் கொடுக்கிறார்கள். வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ள முதியோருக்கு மத்திய அரசின் ராஷ்ட்ரிய வயோஸ்ரீ திட்டத்தின் முகாம்களில் காது மெஷின், பல் செட், கைத்தடி எல்லாம் தருகிறார்கள். இரண்டு காதிலும் 60 டெசிபலுக்கு மேல் இழப்பு இருந்தால் மாற்றுத்திறனாளி சான்றுக்கும் விண்ணப்பிக்கலாம். அந்த அம்மாவை ஆதார் அட்டை, ரேஷன் அட்டை, இரண்டு புகைப்படத்தோடு திங்கட்கிழமை காலை முதல் பஸ்ஸில் பாளையங்கோட்டைக்குக் கூட்டிப்போகிறேன். அவருடைய மகளையும் கூட வரச் சொல்லியிருக்கிறேன், ஆடியாலஜிஸ்ட் சொல்வதைக் கேட்டுக்கொள்ள வீட்டு ஆள் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.